கொலோனில் போர்த்திய பொன்னாடை

1

போன செவ்வாய்க்கிழமை காலை, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நின்றபோது, வானொலியில் என் அப்பாவின் பெயரைச் சொன்னார்கள்.

அப்பா பருத்தித்துறையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். காலமாகி வருடக்கணக்காகிறது. ஜெர்மனிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படிப்பட்ட மனிதரின் பெயரை அறிவிப்பாளர் "விஸ்... வா... லின்... காம்" என்று துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் கண்ணாடிச் சாமான் மாதிரிக் கவனமாகக் கீழே வைத்தார். நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன்.

விசயம் இதுதான். எண்பத்தைந்தில் நான் இங்கே வந்து இறங்கியபோது அலுவலகத்தில் குடும்பப்பெயர் கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று விளக்க என்னிடம் மொழி இருக்கவில்லை. அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள். பிறகு என் மனைவி பவளம் வந்தாள். அவளும் திருமதி விசுவலிங்கம் ஆனாள். "மாமான்ர பேரை வாயாலை சொல்லவே பயந்து இருந்தனான். இஞ்ச டொக்டரிட்டைப் போனால் என்னையே அவற்ற பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கள்" என்று பல நாள் குறைப்பட்டாள். அந்தப் பெயர் எங்கள் மகள் ஆரணிக்கும் போனது. இப்போது வானொலிக்கும் போய்விட்டது.

நான் ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்கிற போலந்துக்காரி ஹலினா ஈரக் கையைத் துடைக்காமலே வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். "இளம் பியானோக் கலைஞரின் முதல் இசைத்தட்டு" என்றார் அறிவிப்பாளர். பிறகு அதிலிருந்து ஆரணி வாசித்த மெதுவான இரண்டாம் பகுதியைப் போட்டார்கள். கிழங்கு அவியவேண்டிய நேரத்தில் அவியவில்லை. அன்றைக்கு இல்லத்தில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு பிந்தியது, ஒருவரும் கோபிக்கவில்லை.

அந்த இரண்டாம் பகுதி பதிவான கதையை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

2

முதலில் பியானோ எப்படி வீட்டுக்கு வந்தது என்று சொல்கிறேன்.

ஆரணி சிறுவர் பாடசாலையில் நின்ற காலம். பின்னேரம் கூட்டிவரப் போனால் வரமாட்டாள். அங்கே மூலையில் நின்ற பியானோவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நாங்கள் இது ஏதோ பிடிவாதம் என்றுதான் நினைத்தோம். ஆசிரியைதான் இசைப்பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டில் பழக ஒன்று வேண்டுமே என்று முழுசிக்கொண்டு இருந்தபோது, வட்டாரப் பத்திரிகையில் ஒரு வரி கண்டோம்: தூக்கிக்கொண்டு போகிறவருக்குப் பியானோ இலவசம். இந்த நாட்டில் பியானோவைச் சும்மா கொடுப்பார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். ஏன் கொடுக்கிறார்கள் என்பதைத் தூக்கும்போது அறிந்தேன்.

நானும் மூன்று பெடியளும் தூக்கினோம். எங்கள் வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பியானோ இறுகிவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கட்டடம் முழுக்கக் கதவைத் திறந்து பார்த்தது. கீழ்வீட்டு லூடர்ஸ் என்ற கிழவர் வந்து, முதலில் எங்களை ஏசி, பிறகு தன் வீட்டுக்குள் போய்த் தோலில் செய்த சுமைப்பட்டிகளோடு வந்தார். துறைமுகத்தில் வேலை செய்தவராம். பியானோ வீட்டுக்குள் போனதும் வாசலில் நின்றபடியே சொன்னார்: "மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஒரு சத்தமும் கேட்கக் கூடாது." கேட்டால் தும்புத்தடியால், அதுதான் நீட்டுத் துடைப்பத்தால், தன் வீட்டு மேற்கூரையில் இடிப்பார். ஆனால் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் கொப்புளமாகி, வீட்டில் பியானோ சத்தமே இல்லாமல் கிடந்தபோது, மூன்றாம் நாள் மேலே ஏறி வந்து, "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டவரும் அவர்தான்.

அந்த நாளில் எங்களுடைய விசா ஒரு மாதிரியானது. அனுமதி இல்லாமல் நகர எல்லையைத் தாண்ட ஏலாது. பிள்ளைக்கு வேறு ஊரில் ஒரு போட்டி வந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுத்துப் போய் இருந்தேன். அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்:

"பயணத்தின் நோக்கம்?"

"பியானோ."

"வாங்கவா, விற்கவா?"

"வாசிக்க. நான் இல்லை, மகள்."

அப்போதுதான் நிமிர்ந்தார். யாருடைய இசையை வாசிக்கிறாள் என்று கேட்டார். இதை இங்கே சொல்லத்தான் வேண்டும். நானும் பவளமும் அந்தப் பெரிய இசைக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையாமல் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். ஒருவர் இருபது பிள்ளைக்காரர், ஒருவர் காது கேளாதவர், ஒருவர் எங்கள் ஹம்பேர்க்கிலேயே பிறந்த தாடிக்காரர். அவசரத்துக்கு உண்மைப் பெயர் வரவில்லை. "கடைசியில் காது கேட்காமல் போனாரே, அவர்" என்றேன். அதிகாரிக்கு விளங்கிவிட்டது. முத்திரையைக் குத்தி, எழும்பி நின்று, எனக்குக் கை தந்தார். அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கைகொடுப்பு அதுதான். அவருடைய முகம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது, நன்றாக இருக்கட்டும்.

3

நாங்கள் இசை கேட்டு வளர்ந்த விதம் வேறு. கோயில் திருவிழாவில் நாதஸ்வரக் கோஷ்டி இரண்டு எதிரெதிரே இருந்து வாசிக்கும். நாங்கள் கச்சான் கடலை உடைப்போம், கதைப்போம், தவில் ஏறும்போது "அட, அட" என்போம். நல்ல இடத்தில் சத்தம் போடாதவனைப் பார்த்து, "இவனுக்கு என்ன காது அடைச்சுப்போச்சோ?" என்று கேட்பார்கள். பெரியவர்களைக் கௌரவிக்க வேண்டுமென்றால் நிகழ்ச்சி நடுவிலேயே பொன்னாடை. கடைசி வரை வைத்திருந்தால் பிரமுகர்கள் எழும்பிப் போய்விடுவார்கள்.

இங்கே முதன்முதல் ஒரு கச்சேரிக்குப் போனபோது, சனம் இருமலைக்கூடச் சேர்த்து வைத்து இடைவெளியில் மொத்தமாக இருமுவதைக் கண்டேன். ஒரு பெரிய உருப்படிக்குள் நாலைந்து பகுதி இருக்கும். ஒரு பகுதி முடிந்து எவ்வளவுதான் உச்சத்தில் நின்றாலும் கை தட்டக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகுதான். பவளம் ஒருமுறை தட்டிவிட்டாள். முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவள் கச்சேரியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள்.

ஆரணி வளர்ந்தாள். கொலோனில் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வர வரக் கதையும் குறைந்தது. போட்டிகளில் இரண்டாம் இடம், மூன்றாம் இடம், சிறப்புப் பாராட்டு. எங்கள் சனம் சும்மா விடுமா? "மற்றப் பிள்ளையள் எல்லாம் பரதநாட்டிய அரங்கேற்றம் முடிச்சிட்டினம், உங்கட பிள்ளைக்கு எப்ப அரங்கேற்றம்?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். பியானோவுக்கு அரங்கேற்றம் இல்லை என்றால், "அப்ப படிச்சு முடிஞ்சது எண்டு எப்பிடித் தெரியும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தொடக்கத்தில் ஒருநாள், ஞாயிறு இல்லாத நாளில், தொலைபேசி எடுத்தாள். ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம், கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் நடத்துவது, அவளுடைய கச்சேரி ஒன்றை நேரடியாகப் பதிவு செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறது. ஞாயிறு காலைக் கச்சேரி, கொலோனில் ஒரு சிறிய மண்டபம். தாடிக்காரர் தாடி முளைக்க முன்பே எழுதிய ஒரு பெரிய உருப்படிதான் அதன் உயிர். நன்றாக வந்தால் இசைத்தட்டு. வராவிட்டால் அவர்களிடம் இன்னொரு நாளுக்கு வசதி இல்லை. அவளுக்கும் இன்னொரு நிறுவனம் இல்லை.

"அப்பா, மண்டபத்தில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும் போல இருக்கு" என்றாள் ஜெர்மனில். கொஞ்சம் நிறுத்தி, "யாரையாவது கூட்டிக்கொண்டு வர முடியுமா?" என்றாள்.

எத்தனை வருடத்துக்குப் பிறகு எங்களிடம் ஒன்று கேட்கிறாள். நான் ஒரு பஸ்ஸையே வாடகைக்குப் பிடித்தேன்.

4

பஸ் விடிய முன்பே ஹம்பேர்க்கிலிருந்து வெளிக்கிட்டது. உள்ளே பட்டுச்சேலை, மல்லிகை வாசம், பின்சீட்டில் ரோல்ஸ், பற்றிஸ் என்று பலகாரமும் சோற்றுப் பார்சலும். கொலோனில் அங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவர் தர்மண்ணை தன் ஆட்களோடு வாசலில் நின்றார். எழுபதை எட்டுகிற மனிதர், முழங்கால் வருத்தம். அந்தப் பக்கத்து எங்கள் சனம் எல்லாருக்கும் வந்த புதிதில் விசாக் கடிதம் வாசித்துக் காட்டியவர், செத்தவீட்டுக்கும் கல்யாணவீட்டுக்கும் முதல் ஆளாக நிற்பவர். கையில் பிளாஸ்ரிக் உறையில் பொன்னாடை.

ஆரணி பஸ்ஸுக்குள்ளேயே ஏறி வந்து எல்லாருக்கும் ஒரு விதி சொன்னாள். தட்டுத் தடுமாறித் தமிழில்தான் சொன்னாள். "நான் கதிரையால எழும்புற வரைக்கும் ஒருத்தரும் கை தட்டக் கூடாது. சரியோ?"

"ஓம், ஓம்" என்றது பஸ்.

"அவ்வளவுதானே பிள்ளை, எழும்பினாப் பிறகு தட்டுறம்" என்றார் தர்மண்ணை.

முதல் பகுதி இடியும் மழையுமாக முடிந்தது. ஜெர்மன்காரர் இருமினார்கள். எங்கள் சனம் கல் மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது அவளுடைய கதிரை சரியான தூரத்தில் இல்லைப் போலும். பின்னால் தள்ளுவதற்காக ஆரணி எழும்பினாள்.

எழும்பினாள் என்றால் எழும்பினாள்தானே. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய சனம், கூரை பறக்கக் கை தட்டியது. ஜெர்மன்காரர் உஸ் உஸ் என்றார்கள். எங்களவர் அதைப் பாராட்டென்று நினைத்து இன்னும் தட்டினார்கள். கடைசியில் எப்படியோ விளங்கி அடங்கியது. ஆரணி இருந்து, மூச்சு விட்டு, அந்த மெதுவான பகுதியைத் தொடங்கினாள்.

அதற்குள் தர்மண்ணை புறப்பட்டிருந்தார். முழங்கால்காரர் ஒருமுறை எழும்பினால் திரும்ப இருப்பது லேசில்லை. பலகைப் படி ஒவ்வொன்றாகக் கிறீச்சிட மேடையில் ஏறி, பொன்னாடையை விரித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான் அவள் வாசித்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் போனால் படி சத்தம் போடும். நின்றார். அந்த முழுப் பகுதிக்கும், விரித்த பொன்னாடையோடு நின்றார். கக்கத்தில் இருந்த பிளாஸ்ரிக் உறை அவர் மூச்சு விடும்போதெல்லாம் சரசரத்தது. ஒரு குழந்தை, "அம்மா, மாமா ஏன் அங்க நிக்கிறார்?" என்று கேட்டது. ஆட்கள் சிரித்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன். பஸ் பிடித்துச் சனத்தைக் கூட்டிவந்து பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது.

அவள் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. பகுதி முடிந்ததும் எழும்பி, தர்மண்ணையைப் பார்த்துக் கும்பிட்டு, தலை குனிந்து பொன்னாடையை வாங்கினாள். சபை முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். அந்தச் சரிகைப் பொன்னாடை தோளில் கிடக்க மிச்சப் பகுதிகளை வாசித்து முடித்தாள்.

5

கச்சேரி முடிந்து ஜெர்மன்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். எங்களவர் முன்கூடத்தில் பார்சல் பிரித்தார்கள். ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. தர்மண்ணை சுவரோடு ஒட்டி நின்றார். "தம்பி குணம், நான் பிள்ளைக்கு நல்லதெண்டுதான்..." என்று தொடங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மேடைக்குப் பின்னால் போனேன். சின்ன அறையில் ஆரணியும் ஒலிப்பதிவு செய்த உல்ரிக்கே என்ற பெண்மணியும் நிறுவனத்துக் கணவன் மனைவியும் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பகுதி அருமை, மூன்றிலிருந்து எல்லாம் அருமை. இரண்டாவதில் பிளாஸ்ரிக்கும் படியும் குழந்தையும் பிழையில்லாமல் பதிவாகியிருந்தன.

"காலை ஒத்திகையில் எடுத்ததை ஒட்ட முடியாதா?" என்று நிறுவனத்து மனைவி கேட்டார்.

உல்ரிக்கே தலையாட்டி மறுத்தார். ஆளில்லாத மண்டபத்தில் ஒலி சுவரில் பட்டுப் பட்டு அலையுமாம். ஆட்கள் இருந்தால் அவர்களின் உடம்பும் உடுப்பும் அதைக் குடித்துவிடுமாம். ஒத்திகையில் எடுத்தது குளியலறைக்குள் வாசித்த மாதிரி இருக்கிறது, ஒட்டினால் எந்தக் காதும் கண்டுபிடித்துவிடும் என்றார். "இப்போது திரும்ப வாசித்தாலும் அதே கதைதான். சபை போய்விட்டதே. பின்னேரம் மண்டபத்தை வேறு ஆட்களுக்குக் கொடுக்கவும் வேண்டும்."

அந்தப் பகுதி இல்லாமல் உருப்படி இல்லை. உருப்படி இல்லாமல் இசைத்தட்டு இல்லை. நிறுவனத்துக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆரணி பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தாள். என்னைக் கண்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா, எங்கட ஆக்கள் போயிட்டினமோ?" என்று கேட்டாள்.

"எங்க போறது? எல்லாரும் முன்னுக்கு நிண்டு சாப்பிடுகினம்."

அவள் உல்ரிக்கேயைப் பார்த்தாள். உல்ரிக்கே என்னைப் பார்த்தார். "எத்தனை பேர்? போனவர்களுக்கும் சேர்த்து எல்லாரையும் மேலங்கிகளோடு வரச் சொல்லுங்கள்" என்றார்.

6

நான் முன்கூடத்தில் கதிரை ஒன்றில் ஏறி நின்று விசயத்தைச் சொன்னேன். சோற்றுப் பார்சல்கள் அப்படியே மூடப்பட்டன. கை கழுவ வரிசை. பெண்கள் காப்புகளைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார்கள். பட்டுச்சேலை சரசரக்கும் என்று அதற்கு மேல் மேலங்கியைப் போட்டுப் பொத்தான் பூட்டினார்கள். ஆண்கள் கைத்தொலைபேசிகளை அணைத்து, போதாதென்று பற்றரியையும் கழற்றினார்கள். கைக்குழந்தை இரண்டு இருந்தன. பவளம் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

"நான் பஸ்ஸுக்குள்ள வைச்சிருக்கிறன். தாய்மார் போய் இருக்கட்டும்" என்றாள்.

"நீ கேக்க வரேல்லையே?" என்றேன்.

"நான் அவள் வாசிக்கிறதை எங்கட மூண்டாம் மாடி வீட்டில இருந்தே கேட்டுக்கொண்டு வாறன். நீங்கள் போங்கோ."

தர்மண்ணை அசையவில்லை. "நான் வெளியில நிக்கிறன் தம்பி. என்ர முழங்கால் முறியிற சத்தமே பதிஞ்சிடும்" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆரணி வந்தாள். அவருடைய முழங்கையைப் பிடித்து, முன் வரிசையில், நடு இடத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டு மேடைக்குப் போனாள். அவர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தார்.

ஒலிபெருக்கியில் உல்ரிக்கேயின் குரல், தயாரா என்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

எங்களுக்குச் சத்தம் போடாமல் இருக்கத் தெரியாது என்று சொல்வார்கள். ஊரில் யுத்த நேரம் பங்கர்க் குழிக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு, தலைக்கு மேல் ஹெலிகொப்டர் போய் முடியும் வரை மூச்சடக்கி இருந்த சனம் இது. அந்த மண்டபத்தில் அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படி இருந்து பழகியவர்கள். ஆனால் அன்றைக்கு ஒருவரும் பயத்தில் இருக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை வாசிக்கிறாள், அவளுக்கு நாங்கள் வேண்டும், அதற்காக இருந்தோம். எனக்கு இசையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மெதுவான பகுதியில் ஒவ்வொரு சுரமும் எங்கள் மேலங்கிகளில் வந்து படிவது போல இருந்தது. பக்கத்தில் இருந்த மனிதர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல், கண்ணீர் துடைக்காமல் இருந்தார். இந்த நாடு எங்களை உள்ளே விட்டதற்கும், அந்தப் பியானோவை யாரோ சும்மா தந்ததற்கும், கீழ்வீட்டுக் கிழவர் பொலிஸுக்குப் போகாமல் தும்புத்தடியோடு நிறுத்திக்கொண்டதற்கும் அந்த நேரத்தில் ஒவ்வொருவராக நினைத்து நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுரம் அடங்கியது. ஒருவரும் அசையவில்லை.

"கிடைத்துவிட்டது. நன்றி" என்றார் உல்ரிக்கே. அப்போதும் ஒருவரும் அசையவில்லை.

ஆரணி எழும்பினாள். அவள் எழும்பியதை நம்பி ஒருமுறை பட்டது போதாதா? நாங்கள் இருந்தோம். அவள் முன்னால் வந்து தலை குனிந்து வணங்கினாள். ஒரு கை அசையவில்லை, என் கையும்தான்.

அவள் சிரித்துக்கொண்டு படியால் இறங்கினாள். நேரே தர்மண்ணையிடம் போனாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்தார். அவள் குனிந்து, தொடைக்குக் கீழே இருந்த அவருடைய இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, தன் கைகளால் பிடித்து, ஒன்றோடொன்று தட்டினாள்.

"இப்ப தட்டலாம், மாமா" என்றாள்.

அவர் தட்டவில்லை, அழுதார். நாங்கள்தான் தட்டினோம்.